சுவரில் தொங்கிய என் பெயர்

2012 வைகாசியில், நாத்தனார் மகள் காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அத்தைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர், பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். தமிழ்நாடே மின்வெட்டில் தவித்த வருஷம் அது. கடைத்தெரு முழுக்க இருட்டு. ஒரே ஒரு மெடிக்கலில் மட்டும் எமர்ஜென்சி விளக்கு எரிந்தது. பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. என் பார்மசிஸ்ட் சர்டிஃபிகேட் இருக்கும் கடை.

அந்தச் சர்டிஃபிகேட்டுக்கு வாடகையாக, இரண்டு வருஷமாக அந்தக் கடையிலிருந்து மாதம் 2,500 ரூபாய் வந்துகொண்டிருந்தது. முதலாளி என் வீட்டுக்காரர் கணக்கில் போட்டுவிடுவார். கடைப் படியை நான் மிதித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கவுண்டரில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் நின்றிருந்தான்.

"தம்பி, காய்ச்சல், மேல்வலி. வயசானவங்களுக்கு."

"எத்தனை வேளைக்குக்கா?"

அவ்வளவுதான் கேள்வி. சர்க்கரை இருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எதுவும் ஒத்துக்கொள்ளாதா, ஒன்றும் கேட்கவில்லை. "மூணு வேளைக்கு" என்றேன். ஐந்தாறு டப்பாக்களில் கைவிட்டு, கத்தரிக்கோலால் சரசரவென்று வெட்டி, மூன்று பொட்டலமாக மடித்து நீட்டினான். முப்பது ரூபாய். கை அப்படி ஓடியது; எனக்கெல்லாம் அந்த வேகம் இன்றைக்கும் வராது. சில்லறை கொடுத்த கையோடு, ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தான். உள்ளே விளக்கு எரியவில்லை. கதவு ஓரத்தில் இன்சுலின் குப்பிகள் வரிசையாக நின்றிருந்தன. கரண்ட் போய் எத்தனை மணி நேரம் ஆகியிருக்குமோ.

அவனுக்குப் பின்னால் சுவரில், லைசென்ஸுக்குப் பக்கத்தில், ஃபிரேமுக்குள் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். காலேஜ் முடித்தபோது எடுத்த போட்டோ. பையன் என்னைப் பார்த்தான், சில்லறையைப் பார்த்தான். சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் செல்போன் வெளிச்சத்தில் ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். பாராசிட்டமால், அலர்ஜிக்குக் கொடுக்கும் செட்டிரிசின், வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, ஆன்டிபயாட்டிக் கேப்ஸ்யூல் ஒன்று. ஐந்தாவதாக ஒரு சின்னஞ்சிறு பொடி மாத்திரை. வெட்டிய துண்டின் பின்பக்கம் பெயரின் வால் மட்டும் மிஞ்சியிருந்தது: "...சோன்". டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ, எதுவானாலும் ஸ்டீராய்டு. காய்ச்சலும் வலியும் சட்டென்று அடங்கும், "நல்ல மாத்திரை" என்று பெயர் வரும், அதனால்தான் போடுகிறார்கள். அத்தைக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. அந்தப் பொட்டலத்தை மூன்று வேளையும் விழுங்கியிருந்தால் சர்க்கரை எங்கே போய் நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் வருஷம் பரீட்சையில் அதை எழுதித்தான் மார்க் வாங்கினேன்.

பாராசிட்டமாலை மட்டும் எடுத்து அத்தைக்குக் கொடுத்தேன். மிச்சத்தை ஜன்னல் வழியே எறிந்தேன். (மருந்தை அப்படித் தெருவில் எறியவும் கூடாது. அன்றைக்கு அதெல்லாம் நினைவில் இல்லை.)

பார்மசி படிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில்லை. பார்மசி படிக்கும் பலரும் அப்படித்தான் இருப்பீர்கள். எம்.பி.பி.எஸ். கட்ஆஃபில் ஒன்றரை மார்க் குறைந்தது. நர்சிங் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். "மருந்தாவது படி, வீட்டுப் பக்கத்துல கடை வச்சுக்கலாம்" என்று சித்தப்பா சொன்னார். பி.ஃபார்ம் நாலு வருஷம். 2009இல் முடித்தேன், 2010இல் கல்யாணம். கல்யாணப் பேச்சிலேயே ஒரு மாமா, "பொண்ணு வேலைக்குப் போகாட்டியும் சர்டிஃபிகேட் சம்பாதிச்சுக் குடுக்கும்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

1948ஆம் வருஷத்து பார்மசி சட்டத்தில் 42வது பிரிவு என்று ஒன்று உண்டு. பதிவு பெற்ற பார்மசிஸ்ட் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்கிறது. அதனால் கடை லைசென்ஸ் வாங்க ஒரு பார்மசிஸ்ட் பெயர் வேண்டும். முழுநேரச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்று முதலாளி நினைக்கிறார். வீட்டோடு இருக்கும் பெண்ணுக்கு மாதம் ஏதோ வந்தால் போதும் என்று குடும்பம் நினைக்கிறது. இரண்டு பக்கமும் சௌகரியம். இன்ஸ்பெக்‌ஷன் வரும் என்று தெரிந்தால் மட்டும் போன் வரும்: "இன்னைக்கு ஒரு நாள் வந்து உக்காருங்கம்மா, கார் அனுப்பறேன்."

அந்தக் கடையில் ஒருவருக்கு ஒன்று ஆகியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் நான் சர்டிஃபிகேட்டைத் திருப்பிக் கேட்டது சட்டத்துக்குப் பயந்து இல்லை. அந்தப் பொடி மாத்திரை கண்ணை விட்டுப் போகவில்லை, அதுதான். அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நாலு நடை நடந்த பிறகுதான் முதலாளி கொடுத்தார். "வேற ஆள் பார்க்கற வரைக்கும் பொறுக்கக் கூடாதாம்மா" என்று அலுத்துக்கொண்டார். விலகியதைக் கடைக்காரரிடம் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கினேன், இன்னும் பைலில் இருக்கிறது.

அதே வருஷம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி பார்மசியில் சேர்ந்தேன். சம்பளம் 7,500. சர்டிஃபிகேட்டை வாடகைக்கு விட்டபோது வீட்டில் சும்மா இருந்து 2,500. பஸ், சாப்பாடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் போகக் கையில் நின்றது ஏறக்குறைய அதே 2,500தான். வீட்டுக்காரர் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கில் தப்பில்லை.

முதல் ஆறு மாசம் எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதுதான் தெரிந்தது. காலேஜில் மருந்தின் மூலப்பெயரைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சீட்டில் வருவது கம்பெனிப் பெயர். எந்தப் பெயர் எந்த ரேக்கில் இருக்கிறது என்று பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பில் போடும் பையனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கூச்சப்படாமல் அவனிடம்தான் கற்றுக்கொண்டேன். இரவு ஷிஃப்டில் கூட்டம் குறைந்ததும் ஒவ்வொரு ரேக்காக எடுத்துத் துடைத்துக்கொண்டே பெயர், உள்ளே இருக்கும் மருந்து, வலிமை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுவேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அதைத்தான் முதலில் சொல்வேன்: ரேக்கைத் துடையுங்கள். கை துடைக்கும்போது கண் படித்துக்கொள்ளும்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் என் பெரிய தப்பு நடந்தது.

அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா. முடக்குவாதம், விரல் முட்டிகள் எல்லாம் வீங்கியிருக்கும். சீட்டில் மெத்தோட்ரெக்ஸேட் 7.5 மில்லிகிராம், வாரம் ஒரு நாள். அதாவது 2.5 மில்லிகிராம் மாத்திரை மூன்று, வாரத்துக்கு ஒரே ஒரு தடவை. கூடவே ஃபோலிக் ஆசிட், மற்ற நாட்களில். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரைகள். கவரில் நான் ஒழுங்காகத்தான் எழுதினேன், வாரம் ஒருமுறை என்று, ஆங்கிலத்தில். பின்னால் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். கவரை நீட்டினேன், "அடுத்து" என்றேன்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா வந்து வாய்ப்புண்ணுக்கு ஜெல் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு நான் என் வேலையைப் பார்த்திருக்கலாம். வாயைத் திறந்து பேசவே சிரமப்பட்டார். தண்ணீர்கூட இறங்கவில்லை என்று சைகை காட்டினார். ஏதோ உறுத்தியது.

"வேற என்னம்மா மாத்திரை சாப்பிடுறீங்க?"

"நீதான தாயி குடுத்த. அந்த மஞ்ச மாத்திரைதான். காலைல மூணு, விடாம போட்டுக்கிட்டு இருக்கேன்."

விடாமல். தினமும். வாரத்துக்கு ஒருமுறை உள்ளே போக வேண்டியது பத்து நாளும் போயிருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து. தினமும் போனால் எலும்பு மஜ்ஜையை அடக்கும், வெள்ளை அணுக்கள் சரியும். வாய்ப்புண் அதற்கு முதல் மணி. கையோடு அவரை மேலே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன். ரத்தப் பரிசோதனை பார்த்ததும் அட்மிட் செய்து, மாற்று மருந்தாக ஃபோலினிக் ஆசிட் ஊசி ஆரம்பித்தார்கள். பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. பில்லில் இருந்தது என் கையெழுத்து. அந்தப் பையன் சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டேனே, நான் மட்டும் எதிரில் நின்ற ஆளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேனா?

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான். மெத்தோட்ரெக்ஸேட் வந்தால் "என்னைக்கும்மா போடுவீங்க, ஞாயிறா, வெள்ளியா?" என்று கேட்பேன். அவர்கள் வாயாலேயே ஒரு கிழமையைச் சொல்ல வைத்து, அதைக் கவரில் கொட்டை எழுத்தில், தமிழில் எழுதுவேன். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கவரில் கோயில் படமோ பிறையோ சிலுவையோ, எது அவர்களுக்குக் கிழமையை நினைவுபடுத்துமோ அதை வரைவேன். நாலு வாரத்துக்கு மேல் மொத்தமாகக் கொடுப்பதில்லை. கடைசியில், "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, எப்படிப் போடணும்?" என்று திருப்பிக் கேட்பேன். "புரிஞ்சுதா?" என்று கேட்கவே கூடாது. யாரைக் கேட்டாலும் புரிஞ்சுது என்றுதான் சொல்வார்கள்.

நாம் கொடுக்கிற விளக்கத்தையும் பார்மசிஸ்டின் கடமையாக 2015இல் வந்த பார்மசி பிராக்டிஸ் விதிமுறைகள் சேர்த்திருக்கின்றன. வெள்ளை கோட், பெயர், பதிவு எண்ணோடு பேட்ஜ் எல்லாம் அதில்தான் வருகிறது. கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றால் ஜனங்கள் கேள்வி கேட்கிறார்கள். இது நான் கண்ணால் கண்டது. சேலையோடு நின்றபோது "எவ்வளவு ஆச்சு?" என்று மட்டும் கேட்ட அதே ஆட்கள், கோட்டைப் பார்த்ததும் "இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு தாத்தா மட்டும் இன்றைக்கும் "கம்பவுண்டர் அம்மா" என்றுதான் கூப்பிடுவார். நானும் திருத்துவதில்லை.

2014 மார்ச்சில் எச்1 ஷெட்யூல் என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. செஃபிக்ஸிம் மாதிரி ஆன்டிபயாட்டிக், காசநோய் மருந்துகள், தூக்க மாத்திரை, டிரமடால் என்ற வலி மாத்திரை இதெல்லாம் விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி ரெஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். எல்லோரும் முனகினார்கள். எனக்கு அந்த ரெஜிஸ்டர் பிடித்துப்போனது. ஒரே பெயர் ஒரே மாசத்தில் மூன்று டாக்டர் சீட்டோடு வந்தால் அதில்தான் கண்ணில் படும்.

அடுத்து இன்சுலின். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் போதாது. குப்பியில் வரும் இன்சுலின் நம் ஊரில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்சு. இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100க்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. ஒரு நாள் ஒரு பெரியவர் சிவப்பு மூடி சிரிஞ்சு பத்து கேட்டார். எப்போதும் பேனா ஊசி முனை வாங்குகிறவர்.

"என்னங்கய்யா, குப்பிக்கு மாத்திட்டாரா டாக்டர்?"

"இல்லம்மா. பேனா கீழ விழுந்து உடைஞ்சுபோச்சு. அந்தச் சின்னக் குப்பியிலருந்து சிரிஞ்சுல உறிஞ்சிப் போட்டுக்கலாம்னு பேரன் சொன்னான்."

அவருக்கு 20 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். கார்ட்ரிட்ஜில் அந்த அரை மில்லிக்குள் இருப்பது 50 யூனிட். ராத்திரி போட்டுக்கொண்டு படுத்திருந்தால் காலையில் எழுந்திருப்பாரோ என்னவோ. பேரன் என்ஜினியரிங் படிக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். புதுப் பேனா வரும்வரை குப்பி இன்சுலினுக்கு மாற்றிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

டாக்டருக்குப் போன் செய்வது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பயமாக இருக்கும். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று ஒருவர் கத்தியிருக்கிறார். "டாக்டர், தப்புன்னு சொல்லலை, எழுத்து எனக்குச் சரியா விளங்கலை, ஒரு தடவை உறுதி பண்ணிக்கறேன்" என்று ஆரம்பித்தால் பத்தில் ஒன்பது பேர் இறங்கி வருவார்கள். கையெழுத்து நன்றாக விளங்கினாலும் அப்படியே சொல்லுங்கள். பொய்தான். பரவாயில்லை.

மாத்திரை அட்டையை வெட்டும்போது எக்ஸ்பைரியும் பேட்ச் நம்பரும் அச்சான ஓரத்தைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். மறுமுனையிலிருந்து வெட்டுங்கள். வாங்குகிறவர் கையில் தேதி இல்லாமல் போகும், அதனால் கவரில் எழுதிக் கொடுங்கள். இன்சுலினை ஃபிரீசருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃபிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். தண்ணீர் பாட்டிலுக்கு வேறு ஃபிரிட்ஜ் வாங்கிக்கொள்ளுங்கள்.

2018இல் சொந்தக் கடை போட்டேன். பத்து சதுர மீட்டருக்குக் குறையாத இடம், ஃபிரிட்ஜ், படிவம் 20, 21 லைசென்ஸ். இதெல்லாம் எளிது. கடினமாக இருந்தது எதிர்க்கடை வாசலில் தொங்கிய "20% தள்ளுபடி" பலகை. விலைக் கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்துக்குச் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம்தான் லாபம். மற்றவற்றில் வழக்கமாக 20. அதில் 20ஐத் தள்ளிக் கொடுத்தால் வாடகையை யார் கொடுப்பது? கொஞ்ச நாளில் சூட்சுமம் புரிந்தது. விளம்பரமே இல்லாத கம்பெனி ஜெனரிக் மாத்திரைகள் சில (உள்ளே அதே மருந்து, பெயர்தான் வேறு), எம்.ஆர்.பி. 100 ரூபாய் என்று அச்சடித்து, கடைக்காரருக்கு 25, 30 ரூபாய்க்கு வரும். சீட்டில் இருப்பதற்குப் பதிலாக அதைக் கொடுத்து, 20 ரூபாய் தள்ளினாலும் 50 ரூபாய் நிற்கும். வாங்குகிறவருக்குத் தள்ளுபடி கிடைத்த சந்தோஷம்.

ஜெனரிக் மருந்து மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் அரசு ஆஸ்பத்திரிகளில் கொடுப்பதே ஜெனரிக்தான். அந்த விலை வித்தியாசம் வாங்குகிறவருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். நான் எங்கள் ஊர் சுகர், பிரஷர் நோயாளிகள் முப்பது நாற்பது பேரிடம் விவரத்தைச் சொல்லி, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லி, குறைந்த லாபம் வைத்துக் கொடுத்தேன். கடை நின்றது அந்த நாற்பது பேரால்தான். மக்கள் மருந்தகமும் முதல்வர் மருந்தகமும் வந்த பிறகு அதிலும் போட்டி வந்துவிட்டது. சரி, நல்லதுதான். அங்கே மலிவாகக் கிடைப்பதை அங்கேயே வாங்கச் சொல்லிவிடுவேன். சந்தேகம் கேட்க மட்டும் இங்கே வருவார்கள். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

2020 மார்ச்சில், கொரோனாவுக்கு ஆகும் என்ற பேச்சில், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கேட்டு வசதியானவர்கள் காரில் வந்தார்கள். அந்த மாசக் கடைசியில் அரசாங்கம் அதையும் எச்1 கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. என்னிடம் லூபஸ் நோய்க்கு அதை வருஷக்கணக்காகச் சாப்பிடும் ஒரு பெண் உண்டு. அவளுக்கென்று மூன்று மாத மருந்தை வீட்டுப் பீரோவில், மாமியார் சேலைகளுக்கு நடுவே ஒளித்து வைத்தேன். கடை இருப்பை வீட்டில் வைக்கக் கூடாதுதான்.

இரவு ஒன்பதுக்கு மேல் பைக்கில் வந்து, சீட்டு இல்லாமல் வலி மாத்திரை பெயர் சொல்லிக் கேட்கும் இளைஞர்கள் எல்லா ஊரிலும் உண்டு. போதைக்குத்தான் என்று நமக்குத் தெரியும். "தர மாட்டேன்" என்று வீரம் பேசாதீர்கள், முக்கியமாகப் பெண்கள். "நாங்க அந்த மருந்தே வாங்குறதில்லை" என்று சொல்லி, உண்மையிலேயே வாங்காமல் இருந்துவிடுங்கள். கேமராவை அவர்கள் கண்ணில் படும்படி மாட்டுங்கள்.

படிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு. டி.ஃபார்ம் என்ற டிப்ளமோ இரண்டு வருஷம், அதன்பின் 500 மணி நேரம் பயிற்சி. அந்தப் பயிற்சியைக் கையெழுத்து மட்டும் வாங்கி முடித்துவிடாதீர்கள். உங்கள் படிப்பிலேயே உருப்படியான பகுதி அதுதான். முடித்ததும் வெளியேறும் தேர்வு ஒன்றுக்கு 2022இல் விதி வந்திருக்கிறது, உங்கள் பேட்ச்சுக்கு அது எப்படி என்று சேரும்போதே கேளுங்கள். டி.ஃபார்ம் முடித்தால் பி.ஃபார்ம் இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாம். கடை வைப்பதுதான் குறி என்றால் டி.ஃபார்ம் போதும், மிச்சமாகும் காசைக் கடைச் சரக்கில் போடலாம். மருந்து கம்பெனி, டிரக் இன்ஸ்பெக்டர், மேல்படிப்பு என்று எண்ணம் இருந்தால் பி.ஃபார்ம். எதுவானாலும் அந்தக் காலேஜுக்கு, அந்தப் படிப்புக்கு, இந்த வருஷம் பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியாவின் அனுமதி இருக்கிறதா என்று கவுன்சிலின் தளத்தில் நீங்களே பாருங்கள். அனுமதி இல்லாத இடத்தில் படித்தால் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாவிட்டால் அந்தப் பட்டம் வெறும் காகிதம்.

ஃபார்ம்.டி. (டாக்டர் ஆஃப் பார்மசி) 2008இல் வந்தது, ஆறு வருஷம். என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்த ஃபார்ம்.டி. பெண் வார்டு வார்டாகப் போய் மருந்துச் சார்ட்டைப் பார்த்து, ஒரு மருந்து இன்னொன்றோடு மோதுவதைக் கண்டுபிடித்துச் சொல்வாள். எனக்கு அவளிடம் பொறாமை. ஆனால் அப்படி வார்டில் வேலை கொடுக்கும் ஆஸ்பத்திரிகள் பெரிய ஊர்களில்தான் இருக்கின்றன. பலர் கடைசியில் பக்கவிளைவு அறிக்கைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கம்பெனி வேலைக்குத்தான் போகிறார்கள். அது கெட்ட வேலை இல்லை, என் சம்பளத்தைவிட அதிகம். வார்டுதான் வேண்டும் என்று நினைத்துச் சேர்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். அரசு பார்மசிஸ்ட் வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. அறிவிப்புக்கு அறிவிப்பு தகுதி வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வளைகுடா போகிறவர்களிடம் இங்கே கவுண்டரில் நின்ற அனுபவத்துக்கான சான்றைக் கேட்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். சர்டிஃபிகேட்டை வாடகைக்கு விட்ட வருஷங்களைக் காட்டி அங்கே நேர்காணலில் உட்கார்ந்தால் மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடும்.

போன வாரம் என் காலேஜ் ஜூனியர் ஒருத்தி போன் செய்தாள். பட்டம் வாங்கி ஒரு வருஷம், கைக்குழந்தை.

"அக்கா, ஒரு மெடிக்கல்ல பேர் மட்டும் குடுத்தா மாசம் ஆறாயிரம் தர்றாங்களாம். வீட்ல எல்லாரும் குடுத்துடலாங்கறாங்க. குடுக்கலாமா?"

எனக்குச் சட்டப்பிரிவெல்லாம் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எந்த ஊர் என்று கேட்டேன். பக்கத்து ஊர்தான், பஸ்ஸில் அரை மணி நேரம்.

"கடையப் போய்ப் பார்த்தியா?"

"இல்லக்கா."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை போ. யாருன்னு சொல்லிக்காத. அம்மாவுக்குக் காய்ச்சல்னு கேளு. குடுக்கறத வாங்கிட்டு வந்து, வீட்ல உக்காந்து ஒவ்வொரு மாத்திரையா பிரிச்சுப் பாரு. பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணு."

இன்னும் பண்ணவில்லை.